வீட்டு மின்பகிர்வுப் பெட்டி: நாட்டுக்கு நாடு வேறுபடும் நிறுவல் முறைகள்

தெருக் கம்பத்திலிருந்தோ நிலத்தடி வடத்திலிருந்தோ வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்து அனுப்பி, ஒரு சுற்றில் கோளாறு ஏற்பட்டால் அந்தச் சுற்றை மட்டும் துண்டிக்கும் அமைப்பே மின்பகிர்வுப் பெட்டி ஆகும். தமிழ்நாட்டில் இதை மெயின் பாக்ஸ் என்றும் டி.பி. பாக்ஸ் என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் பேனல், பிரிட்டனில் கன்ஸ்யூமர் யூனிட், ஆஸ்திரேலியாவில் சுவிட்ச்போர்டு என்பன வழக்கில் உள்ள பெயர்கள். பெயர்கள் வேறானாலும் வேலை ஒன்றுதான். எனினும் ஒரு நாட்டின் முறையை அப்படியே இன்னொரு நாட்டு வீட்டில் பின்பற்ற முடியாது. பின்பற்றினாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் மட்டும் பெட்டி செயல்படாமல் போகலாம். இதற்கான காரணம் பெட்டியின் வடிவத்தில் இல்லை. தெருவில் நிற்கும் மின்மாற்றிக்கும் வீட்டின் மண்ணுக்கும் இடையே உள்ள தொடர்பில் இருக்கிறது.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வீட்டு மின்வேலை செய்யும் பழக்கம் பரவிவிட்டதால், இந்த வேறுபாடுகளை அறிந்திருப்பது மின்பொறியாளர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் தேவையாகிறது.

அடிப்படைச் சொற்கள்

மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி ஃபேஸ். அதைத் திருப்பி எடுத்துச் செல்வது நியூட்ரல். பாடநூல்களில் நடுநிலைக் கம்பி. இயல்பான நிலையில் எதையும் சுமக்காமல், கோளாறு நேரும்போது மட்டும் மின்னோட்டத்தை ஏற்றுக்கொள்வது எர்த் அல்லது புவியிணைப்புக் கம்பி. அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் துண்டிப்பது எம்.சி.பி.; முன்பு இந்த வேலையை பியூஸ் செய்தது. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று கண்டு துண்டிப்பது ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மனித உடல் வழியே கால் ஆம்பியர் பாய்ந்தால் உயிர் போகும். ஆனால் எம்.சி.பி.யின் கணக்கில் அது ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிவது போன்றதுதான். அது துண்டிக்காது.

நிறங்களில் உள்ள ஆபத்து

வேறுபாடுகளில் கண்ணுக்கு முதலில் தெரிவதும் மிக எளிதில் ஏமாற்றுவதும் கம்பியின் நிறம். இந்தியாவில் மூன்று ஃபேஸ்களுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை. இது பழைய பிரிட்டிஷ் வழக்கம். ஐரோப்பாவில் ஃபேஸ்களுக்குப் பழுப்பு, கருப்பு, சாம்பல், நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த வரி. அமெரிக்க வீடுகளில் கருப்பும் சிவப்பும் மின்சாரம் உள்ள கம்பிகள், வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சை அல்லது உறையே இல்லாத செம்புக் கம்பி. ஜப்பானிலும் வெள்ளைதான் நியூட்ரல்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஆபத்து புரியும். கருப்புக் கம்பி இந்திய வீட்டில் நியூட்ரல். அமெரிக்க வீட்டிலும் ஐரோப்பிய மும்முனை இணைப்பிலும் அதுவே தொட்டால் கொல்லும் கம்பி. நீலக் கம்பி ஐரோப்பாவில் நியூட்ரல். இந்திய மும்முனை இணைப்பில் அது ஒரு ஃபேஸ். சென்னையில் வேலை பழகியவர் வளைகுடா நாடு ஒன்றிலோ ஐரோப்பாவிலோ பெட்டியைத் திறக்கும்போது, பல ஆண்டுகளாகக் கையில் ஊறிய பழக்கமே அவருக்கு எதிரியாகிறது.

பிரிட்டனே 2004 முதல் 2006க்குள் சிவப்பு-கருப்பு முறையைக் கைவிட்டுப் பழுப்பு-நீலத்துக்கு மாறியது. சிங்கப்பூரும் 2009இல் மாறியது. மாற்றத்துக்குப் பின் பழைய வீட்டில் புதிய சுற்று சேர்த்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு நிற மொழிகளும் இருக்கும். அதனால்தான் அத்தகைய பெட்டிகளின் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் விதி சொன்னது. நிறத்தை நம்பாமல் அளவுமானியை வைத்து அளந்த பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி.

மின்னழுத்தமும் பெட்டியின் பருமனும்

அமெரிக்கப் பேனல் பார்ப்பதற்கு ஒரு சிறிய அலமாரி போல இருக்கும். 100 முதல் 200 ஆம்பியர் வரை தாங்கும் தலைமைத் துண்டிப்பான், அதன் கீழே இரண்டு வரிசையாக முப்பது, நாற்பது துண்டிப்பான்கள். இந்தியக் குடியிருப்பின் பெட்டியோ பல நேரங்களில் ஒரு புத்தகத்தின் அளவுதான். அமெரிக்கர் அதிக மின்சாரம் செலவிடுவது ஒரு காரணம். எளிய கணக்கு ஒன்று மற்றொரு காரணத்தைக் காட்டும்.

3,000 வாட் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 13 ஆம்பியர். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் 25 ஆம்பியர். ஜப்பானின் 100 வோல்ட்டில் 30 ஆம்பியர். அழுத்தம் குறையக் குறைய, அதே வேலைக்கு ஓட்டம் கூடுகிறது. தடித்த கம்பியும் கூடுதல் சுற்றுகளும் தேவைப்படுகின்றன. அமெரிக்க மின்மாற்றியின் சுருளில் நடுவிலிருந்து நியூட்ரலை எடுக்கிறார்கள். நடுவுக்கும் ஒரு முனைக்கும் இடையே 120 வோல்ட். இரு முனைகளுக்கும் இடையே 240. விளக்கும் தொலைக்காட்சியும் முதலாவதில் இயங்கும்; மின்னடுப்பும் துணி உலர்த்தியும் இரண்டாவதில் இயங்கும். ஜப்பானும் இதே மூன்று கம்பி முறையில் 100, 200 வோல்ட் தருகிறது.

இந்த முறையில் நியூட்ரல் இடையில் அறுந்தால் 120 வோல்ட் சுற்றுகளின் அழுத்தம் தாறுமாறாகும். ஒருபுறம் விளக்கு மங்கும், மறுபுறம் கருவிகள் கருகும். மும்முனை இணைப்புள்ள இந்திய வீட்டில் நியூட்ரல் போனாலும் இதே கதைதான். 230 வோல்ட் கருவிக்கு 400 வோல்ட் வரை ஏறலாம்.

சில நாடுகளில் பெட்டியே ஒரு ஒப்பந்தத்தின் காவலாளி. இத்தாலியில் பல வீடுகளின் ஒப்பந்த அளவு 3 கிலோவாட்தான். மின்னடுப்பும் சலவை இயந்திரமும் ஒன்றாக ஓடினால் மீட்டரே இணைப்பைத் துண்டித்துவிடும். பிரான்சில் கிலோவோல்ட்-ஆம்பியர் கணக்கில் அளவைத் தேர்ந்து அதற்கேற்பக் கட்டணம் செலுத்துகிறார்கள். டோக்கியோ பகுதியில் 10 முதல் 60 ஆம்பியர் வரை ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒசாகா பகுதியின் சாதாரண வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வழக்கமே இல்லை. ஒரே நாட்டுக்குள் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண்களையும் வைத்திருக்கும் நாட்டில் இது வியப்பில்லை.

மண்ணும் நியூட்ரலும்

எல்லா வேறுபாடுகளுக்கும் வேர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே ஃபேஸ் கம்பியின் உறை கிழிந்து, கம்பி உலோக உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் எர்த் கம்பி வழியே கிளம்பும். அது எங்கே போகும்? மண்ணுக்குள் போய் மறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. மின்னோட்டம் தான் புறப்பட்ட மின்மாற்றிக்கே திரும்ப வேண்டும். எந்த வழியாகத் திரும்புகிறது என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

முதல் முறையில், வீட்டின் தலைமைப் பெட்டியிலோ மின்நிறுவனத்தின் இணைப்பு முனையிலோ எர்த்தும் நியூட்ரலும் செம்பால் இணைக்கப்பட்டிருக்கும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றிலும், பிரிட்டன், ஜெர்மனி ஆகியவற்றின் பெரும்பகுதியிலும் இந்த வகைதான். கோளாறு மின்னோட்டம் மண்ணை நம்பாமல் நியூட்ரல் கம்பி வழியே திரும்பும். முழு வழியின் மின்தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாயும். வீடுகளில் பயன்படும் 16 ஆம்பியர் எம்.சி.பி. அக்கணமே விழுந்துவிடும்.

இரண்டாம் முறையில் மின்நிறுவனம் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் தருகிறது. எர்த் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் மண்ணில் ஒரு கம்பியையோ குழாயையோ பதிக்க வேண்டும். பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் ஆகியவை இவ்வகை. கோளாறு மின்னோட்டம் வீட்டு மண்ணில் இறங்கி, மின்மாற்றியடி மண்ணில் ஏறித் திரும்ப வேண்டும். வீட்டு எர்த்தின் தடை 20 ஓம், மின்மாற்றி எர்த்தின் தடை 3 ஓம் என்று கொண்டால் மொத்தம் 23 ஓம். பாய்வது வெறும் 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது இயல்பான சுமை, அது அசையாது. அந்த 10 ஆம்பியர் 20 ஓம் தடையில் பாய்வதால், குளிர்சாதனப் பெட்டியின் உடல் 200 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். எர்த் முறையாகப் போடப்பட்ட வீட்டில்தான் இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இரண்டாம் முறையில் ஆர்.சி.சி.பி. இன்றியமையாதது. பிரான்சில் மின்நிறுவன இணைப்பின் தலைமைத் துண்டிப்பானே பொதுவாக 500 மில்லி ஆம்பியர் கசிவை உணரும். வீட்டுப் பெட்டிக்குள் எல்லாச் சுற்றுகளுக்கும் 30 மில்லி ஆம்பியர் காவல் உண்டு. ஜப்பானியப் பெட்டியிலும் கசிவுத் துண்டிப்பான் தலைமை இடத்தில் இருக்கும்.

அமெரிக்க வீட்டிலும் மண்ணில் செம்புக் கம்பி அடிக்கிறார்கள். ஆனால் துண்டிப்பானை விழச் செய்வது அதன் வேலை அல்ல. மின்னலும் மேலழுத்தமும் இறங்க ஒரு வழி, அவ்வளவே. 25 ஓம் தடையுள்ள கம்பி வழியே 120 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூடப் பாயாது.

இப்போது காணொளிகளின் ஆபத்துக்கு வரலாம். அமெரிக்கப் பேனல் பொருத்தும் காணொளியில், நியூட்ரல் பட்டையையும் எர்த்தையும் ஒரு பச்சைத் திருகால் இணைப்பதைக் காட்டுவார்கள். அந்த நாட்டில், தலைமைப் பெட்டியில், அது கட்டாயம். அதே நாட்டில் மாடிக்கோ கார் கொட்டகைக்கோ துணைப் பெட்டி வைத்தால் அங்கே இரண்டையும் கட்டாயம் பிரிக்க வேண்டும். இல்லையெனில் அன்றாட நியூட்ரல் மின்னோட்டம் உலோகக் குழாய்களிலும் பாயத் தொடங்கும். இந்திய வீட்டில், எர்த் குழியை நம்பும் இணைப்பில், வீட்டுக்காரர் தாமாக இரண்டையும் இணைத்தால் நேர்வது வேறு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று, எரியும் ஒவ்வொரு விளக்கின் வழியாகவும் வந்த ஃபேஸ், இணைப்புப் பாலம் தாண்டி, எர்த் இணைத்த எல்லாக் கருவிகளின் உடலுக்கும் பரவும். மாவரைக்கும் கிரைண்டரும் சலவை இயந்திரமும் ஒரே நேரத்தில் உயிருள்ள கம்பிகளாகும்.

எர்த் இல்லாத பழைய வீடுகளில், பிளக் பாயின்ட்டின் எர்த் துளையை நியூட்ரலோடு சிறு கம்பியால் இணைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மிகவும் தவறான இந்தச் செயல் மேற்கு ஜெர்மனியில் 1973 வரை விதிப்படி அனுமதிக்கப்பட்ட முறை என்பது பலருக்கு வியப்பளிக்கும். அங்குள்ள பழைய அடுக்ககங்களில் இன்றும் அது காணப்படுகிறது. அத்தகைய சுற்றில் ஆர்.சி.சி.பி. முறையாகச் செயல்பட முடியாது. கசியும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்புவதால் கணக்கு சரியாகவே தெரியும்.

முதல் முறையிலும் நியூட்ரல் அறும் ஆபத்து உண்டு. அதைக் குறைக்கவே மின்நிறுவனங்கள் நியூட்ரலை வழியெங்கும் பல இடங்களில் மண்ணோடு இணைக்கின்றன. பிரிட்டனில் இவ்வகை எர்த்தை நடமாடும் வண்டி வீடுகளுக்கும் படகுகளுக்கும் தரக்கூடாது என்று தடையே இருக்கிறது. ஈர மண்ணில் நின்று உலோக உடலைத் தொடுபவர் அங்கே அதிகம்.

நார்வேயின் பழைய வலையமைப்பு மூன்றாம் வகை. அங்கே நியூட்ரலே வீட்டுக்கு வருவதில்லை. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் 230 வோல்ட் எடுக்கிறார்கள். எந்தக் கம்பியும் பாதுகாப்பானது அல்ல என்பதால் துண்டிப்பான்கள் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே வெட்ட வேண்டும்.

ஐந்தா, முப்பதா

கசிவுத் துண்டிப்பானின் உணர்திறனிலும் கருத்து வேறுபாடு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்தவர். கம்பியைப் பிடித்த கையின் தசைகள் இறுகி, விட முடியாமல் போகும் அளவை அவர் அளந்தார். அந்த எல்லைக்குக் கீழேயே துண்டிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சிந்தனை. எனவே அங்கே 5 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிப்பு நிகழ்கிறது. ஐரோப்பியச் சிந்தனையில் எல்லை, இதயத்துடிப்பு சீர்குலையும் நிலை. விரைவாகத் துண்டித்தால் 30 மில்லி ஆம்பியரே போதும் என்பது அந்தக் கணக்கு.

அளவைப் பொறுத்து இடமும் மாறுகிறது. 5 மில்லி ஆம்பியர் கருவியை முழு வீட்டுக்கும் வைத்தால், பல கருவிகளின் இயல்பான சிறு கசிவுகள் சேர்ந்தே அதை அடிக்கடி விழச் செய்யும். எனவே அமெரிக்காவில் அது குளியலறை, சமையலறை, வெளிப்புறம் போன்ற இடங்களின் பிளக் பாயின்ட்டிலோ தனிச் சுற்றின் துண்டிப்பானிலோ அமைகிறது. 30 மில்லி ஆம்பியர் கருவி பெட்டிக்குள்ளேயே பல சுற்றுகளுக்குப் பொதுவாக இருக்கலாம். மலேசியாவில் வீட்டுக்கான பொதுக் காவலோடு, வாட்டர் ஹீட்டர் சுற்றுக்கு 10 மில்லி ஆம்பியர் கருவியைத் தனியாகக் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் 1985 முதலே புதிய வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. கட்டாயம். இலங்கையில் இதை ‘ட்ரிப் சுவிட்ச்’ என்றே சொல்வார்கள். பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாதவருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

கருவியின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். பொத்தான் சோதிப்பது கருவியின் இயக்கத்தை மட்டுமே. எர்த் குழி காய்ந்து கிடப்பதை அது சொல்லாது.

பெட்டிக்குள்ளே

ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் துண்டிப்பான்கள் 35 மி.மீ. அகலமுள்ள ஒரு தண்டவாளப் பட்டையில் வரிசையாக அமர்கின்றன. இந்தியப் பெட்டிகளும் இப்படித்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு துண்டிப்பானும் பெட்டியின் மின்பட்டையில் நேரடியாகக் கவ்வும். ஒரு நிறுவனத்தின் பெட்டியில் மற்றொன்றின் துண்டிப்பான் உட்கார்வது போலத் தோன்றினாலும், அந்தப் பெட்டிக்கென்று சோதித்து ஏற்கப்பட்டதை மட்டுமே பொருத்தலாம். பிடி தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும்.

பிரிட்டனுக்கே உரிய ஒன்று வளையச் சுற்று. பெட்டியிலிருந்து கிளம்பும் கம்பி வீட்டின் பிளக் பாயின்ட்களை எல்லாம் சுற்றிவிட்டு மீண்டும் அதே 32 ஆம்பியர் துண்டிப்பானுக்கே திரும்பும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்த காலத்தில் பிறந்த முறை இது. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வருவதால் மெல்லிய கம்பி போதும். 32 ஆம்பியர் துண்டிப்பான் ஒரு மேசை விளக்கின் ஒயரைக் காப்பாற்றாது என்பதால், பிரிட்டிஷ் பிளக்கின் உள்ளேயே ஒரு சிறு பியூஸ் வைத்தார்கள். அந்தப் பெரிய மூன்று முள் பிளக்கின் காரணம் இதுதான். முறை கெட்டிக்காரத்தனமானது, குறையும் உண்டு. வளையம் எங்காவது அறுந்தால் எல்லாம் வழக்கம் போலவே இயங்கும். ஒரு பக்கக் கம்பி மட்டும் மிகைச் சுமையில் சூடேறிக்கொண்டிருக்கும். பிரான்ஸ் இதற்கு நேர் எதிர்: ஒரு சுற்றில் எத்தனை பிளக் பாயின்ட் என்பதற்கே வரம்பு; 2.5 சதுர மி.மீ. கம்பிக்கு 12, 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு 8.

துண்டிப்பான் எத்தனை கம்பியை வெட்டுகிறது என்பதும் மாறும். அமெரிக்காவின் 120 வோல்ட் சுற்றில் ஃபேஸை மட்டும். பிரான்சில் இரண்டையும். இந்திய விதிகள் நியூட்ரலில் தனியாக பியூஸோ சுவிட்சோ வைப்பதைத் தடை செய்கின்றன. வைத்தால் இரண்டும் சேர்ந்தே துண்டிக்கப்பட வேண்டும். பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் ஒரு பியூஸ் கட்டை இருப்பதைக் காணலாம். அது மட்டும் உருகினால் விளக்கு அணையும், மின்சாரம் இல்லை என்று தோன்றும். ஃபேஸ் கம்பி ஹோல்டரில் காத்திருக்கும்.

பெட்டியின் உறையும் அனுபவத்திலிருந்து மாறியிருக்கிறது. தளர்ந்த திருகுகளால் சூடேறிய பிளாஸ்டிக் பெட்டிகள் தீப்பற்றியதைத் தீயணைப்புத் துறையினர் சுட்டிக்காட்டிய பிறகு, பிரிட்டனில் 2016 சனவரி முதல் வீட்டுப் பெட்டிகள் உலோகம் போன்ற எரியாத பொருளில் இருக்க வேண்டும் என்றானது. மர வீடுகள் மிகுந்த அமெரிக்காவில் கவலை வேறு: சுவருக்குள் கம்பி நைந்து பொறி பறப்பது. அதை உணர்ந்து துண்டிக்கும் கருவியைப் படுக்கையறைச் சுற்றுகளுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய மின்விதித்தொகுப்பு கொண்டுவந்தது.

எங்கே மாட்டுவது

அமெரிக்க விதி பெட்டியின் முன்னால் ஏறத்தாழ 90 செ.மீ. ஆழத்துக்கு இடம் காலியாக இருக்கவேண்டும் என்கிறது. குளியலறையிலும் துணி அலமாரியிலும் வைக்கக்கூடாது. ஜப்பானிலோ முகம் கழுவும் அறையில், கதவுக்கு மேலே உயரத்தில் பெட்டி இருப்பது சாதாரணம். அங்கே குளிக்கும் அறை தனியாக மூடப்பட்டிருப்பதால் முகம் கழுவும் அறை உலர்ந்தே இருக்கும். ஆஸ்திரேலியப் பெட்டி பெரும்பாலும் வீட்டின் வெளிச்சுவரில். அமெரிக்காவும் 2020ஆம் ஆண்டு விதித்தொகுப்பில், தீயணைப்பு வீரர் வெளியிலிருந்தே மின்சாரத்தை நிறுத்த ஒரு துண்டிப்பானைக் கேட்டது.

நிலநடுக்கம் ஜப்பானியப் பெட்டிக்கு ஓர் உறுப்பைச் சேர்த்திருக்கிறது. 1995 கோபே நிலநடுக்கத்திலும் 2011 கிழக்கு ஜப்பான் நிலநடுக்கத்திலும் காரணம் கண்டறியப்பட்ட தீவிபத்துகளில் பாதிக்கும் மேல் மின்சாரம் சார்ந்தவை. வீட்டை விட்டு மக்கள் வெளியேறிய பின், மின்சாரம் திரும்பி வந்தபோது கவிழ்ந்து கிடந்த ஹீட்டர்கள் எரியத் தொடங்கின. அதிர்வை உணர்ந்து தானே துண்டிக்கும் பிரேக்கரை அரசு பரிந்துரைப்பது இதனால்தான். அது உடனே வெட்டாமல், வீட்டார் வெளியேற விளக்கு வெளிச்சம் இருக்கட்டும் என்று சிறிது நேரம் பொறுத்து வெட்டும் வகையும் உண்டு.

யார் செய்யலாம்

ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் வீட்டு மின்கம்பியைத் தொடுவதே சட்டமீறல். அமெரிக்காவின் பல பகுதிகளில் வீட்டுக்காரர் அனுமதி பெற்றுத் தம் வீட்டு வேலையைத் தாமே செய்யலாம். பிறகு ஆய்வாளர் வந்து பார்ப்பார். அமெரிக்கக் காணொளிகள் இவ்வளவு பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தில் பெட்டியை மாற்றுவது உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டிய வேலை. பிரான்சில் புதிய வீட்டுக்கு இணக்கச் சான்று இல்லாமல் மின்சாரமே கிடைக்காது.

இந்திய வீடுகளில்

இந்தியாவில் வீட்டு மின்னமைப்புக்கு ஐ.எஸ். 732 தரமும், எர்த்துக்கு ஐ.எஸ். 3043 தரமும் வழிகாட்டுகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கசிவுத் துண்டிப்பானை வலியுறுத்தின; 2023இல் புதிய ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையும் புதிய இணைப்புக்குக் கேட்கப்படுகிறது. விதிகளில் பெரிய குறை இல்லை. நடைமுறைதான் வேறு.

தமிழ்நாட்டின் பல வீடுகளில் மீட்டர் பலகைக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே. எர்த் என்பது வாசலோரத்தில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய். அதாவது, மேலே கணக்குப் போட்ட இரண்டாம் முறை. கோடையில் மண் காய்ந்தால் 20 ஓம் என்பது பல மடங்காகலாம். குழியில் தண்ணீர் ஊற்றுவது வெறும் சடங்கு அல்ல. ஆனால் தண்ணீர் ஊற்றிய குழியும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை விழச் செய்யாது என்பதை அந்தக் கணக்கே காட்டியது. பழைய பியூஸ் கட்டையில் இரண்டு மூன்று இழைகளை முறுக்கிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தகைய வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒரு கூடுதல் வசதி அல்ல. எர்த் குழியின் மறுபாதி அது.

ஆர்.சி.சி.பி. வைத்த வீடுகளிலும் பலவற்றில் அது பயனற்றுக் கிடப்பதற்கு இன்வெர்ட்டர் ஒரு காரணம். இன்வெர்ட்டர் பொருத்துபவர் சில அறைகளின் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டர் வழியே எடுக்கிறார். நியூட்ரலைப் பழைய பொதுப் பட்டையிலேயே விட்டுவிடுகிறார். ஃபேஸ் ஒரு வழியில் போய் நியூட்ரல் வேறு வழியில் திரும்புவதால் ஆர்.சி.சி.பி. கசிவு என்று எண்ணித் துண்டிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று சொல்லி அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடுவது வழக்கமாக நடப்பது. செய்ய வேண்டியது, இன்வெர்ட்டரில் இயங்கும் சுற்றுகளின் நியூட்ரல்களைத் தனிப் பட்டைக்குப் பிரித்து, இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்குப் பின்னால் அந்தச் சுற்றுகளுக்கென்றே ஓர் ஆர்.சி.சி.பி. வைப்பது. பழைய வீட்டில் எந்த நியூட்ரல் எந்த அறைக்குப் போகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாள் கூலியைச் சேர்த்தே இன்வெர்ட்டரின் விலையைக் கணக்கிட வேண்டும்.